எலும்புக்குப் போன பிறகும் வைத்தியம் உண்டு

அத்தைக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் திரும்பி வந்தது முதுகு வலியாக. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, ரத்தப்போக்கு இல்லை, எடை குறையவில்லை, பசியும் இருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் வலி. "இந்தா, இந்த முடிச்சுலதான் தாயி" என்று என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பார். லேசாக அழுத்தினாலே பல்லைக் கடிப்பார்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. காலமெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு 63 வயதில் முதுகு வலித்தால் யாரும் காரணம் தேடித் தூரம் போக மாட்டார்கள். குனிந்து குனிந்து தைத்த முதுகு, தேய்மானம், அவ்வளவுதான். நாத்தனார் ஒரு தைலம் வாங்கி வந்தார். எதிர்வீட்டு அக்கா, நீவி விடுகிற ஒருவரை வீட்டுக்கே கூட்டிவரட்டுமா என்று கேட்டார். அன்பில் சொன்னதுதான். ஆனால் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்த ஒருவரின் முதுகெலும்பை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் நீவவோ, சுளுக்கெடுக்கவோ, மிதிக்கவோ கூடாது. அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்திலேயே நொறுங்கலாம். அத்தை அந்த யோசனையைத் தானே வேண்டாம் என்றார். தொட்டாலே உயிர் போகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அந்த வலிக்கு ஒரு குணம் இருந்தது. தேய்மான வலி பொதுவாகப் படுத்து ஓய்வெடுத்தால் அடங்கும். இது படுத்தால்தான் கிளம்பும். பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார். ராத்திரி விளக்கணைத்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார். நடுராத்திரியில் நான் எழுந்து வந்தால், ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, தையல் மெஷின் பலகையின் மேல் தலையணையைப் போட்டு, அதில் கவிழ்ந்தபடி இருப்பார். தூங்குகிறாரா என்று தெரியாது. கால் மட்டும் பெடல் மேல் அசைந்துகொண்டிருக்கும்.

அவருக்கு முதலில் வந்தது கர்ப்பப்பையின் உட்சுவரில். நம் ஊரில் அதிகம் பேசப்படுகிற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு, இது வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. உட்சுவரில் வருவதற்கு அப்படித் தடுப்பூசி கிடையாது, பொதுவாக எல்லாருக்கும் செய்து பார்க்கிற பரிசோதனையும் கிடையாது. பெரும்பாலும் மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு வரும். உடல் பருமனும் சுகரும் இருந்தால் வாய்ப்பு கூடும். அத்தைக்கு இரண்டும் இருந்தன. இந்த நோயில் ஒரு நல்ல விஷயம், பலருக்கும் ஆரம்பத்திலேயே ரத்தப்போக்கைக் காட்டிவிடும். மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது "உடம்புச் சூடு" கிடையாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அத்தை பார்த்தார். கர்ப்பப்பை, சினைப்பைகள், அடிவயிற்று நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

பயாப்சி முடிவில்தான் கவலை வந்தது. செல்கள் கிரேடு 3, அதாவது வேகமாக வளரும் ரகம். எடுத்த நெறிக்கட்டிகளில் சிலவற்றில் நோய் இருந்தது. அதனால் மூன்றாம் நிலை. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்று இரண்டு மருந்து சேர்த்து 21 நாளுக்கு ஒருமுறையாக 6 கீமோ. பிறகு அடிவயிற்றுக்கு 25 நாள் கரண்ட். (கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனை ஊழியர்களும் அப்படியே சொல்கிறார்கள்.) கடைசியில் உள்ளே வைக்கிற கரண்ட். முடி கொட்டி, திரும்ப முளைத்து, அது சுருட்டையாக வந்ததில் அவருக்கு ஒரே பெருமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்த செக்கப்பில் என்ன செய்வார்கள், என்ன செய்ய மாட்டார்கள் என்பது பலருக்கும் தெரிவதில்லை. உள்பரிசோதனை செய்வார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுப்பது வழக்கமில்லை. தொந்தரவு ஒன்றும் இல்லாதவருக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுகிறது என்று நிரூபணம் இல்லாததால், புதிதாக ஏதாவது தொந்தரவு என்று நோயாளி சொன்னால்தான் எடுக்கிறார்கள். சரியான நடைமுறைதான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். நோய் திரும்பியதை முதலில் கண்டுபிடிக்கிற கருவி, பல சமயம் நோயாளி சொல்கிற வார்த்தைதான். அவர் சொல்லாவிட்டாலோ, சொல்ல வேண்டிய இடத்தை விட்டு வேறு எங்கோ சொன்னாலோ, பார்க்க வேண்டிய இடத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

அத்தை வேறு இடத்தில் சொன்னார். பக்கத்து டவுனில் ஓர் எலும்பு டாக்டர். எக்ஸ்ரே எடுத்தார். தேய்மானம் இருந்தது. அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் ஏதாவது ஒரு டிஸ்க் தேய்ந்துதான் இருக்கும். பெல்ட், கால்சியம் மாத்திரை, வலி ஊசி. கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து வைத்தியம் செய்தவர் என்று நான் ஃபைலை நீட்டினேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா" என்று திறந்து பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். ஊசி போட்ட அன்று ராத்திரி கொஞ்சம் தூங்குவார். மறுநாள் பழையபடி நாற்காலி. இப்படியே வாரங்கள் போயின.

அந்தப் பதிலில் என்ன தவறு என்று பிறகு நான் நிறையப் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நோய் எலும்புக்குப் போவது அபூர்வம் என்பது உண்மை. திரும்பி வந்தால் பெரும்பாலும் கர்ப்பப்பை எடுத்த இடத்தில் பிறப்புறுப்பின் மேல்முனையில் வரும், அல்லது நெறிக்கட்டிகளில், வயிற்றின் உள்சவ்வில், நுரையீரலில். மார்பகம், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட், நுரையீரல் இவற்றில் தொடங்கும் புற்றுநோய்கள்தான் எலும்பைத் தேடி அடிக்கடி போகும். ஆனால் அபூர்வம் என்றால் நடக்காது என்று ஆகாது. அதுவும் கிரேடு 3, நெறிக்கட்டி வரை போனது என்றெல்லாம் காகிதத்தில் எழுதியிருக்கிற ஒருவருக்கு.

அடிவயிற்றில் இருந்த செல் முதுகெலும்புக்கு எப்படிப் போகும் என்று என் கணவர் கேட்டார். சாதாரணமாக அடிவயிற்று ரத்தம் பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போய் நுரையீரலுக்குப் போகும். ஆனால் அங்கிருந்து முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்கர் பாட்சன் என்ற உடற்கூறு அறிஞர் 1940இல் இதை விளக்கினார். இறந்தவர்களின் உடலில், அடிவயிற்றுச் சிரைகளோடு சேரும் ஒரு சிரையில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தி, அது நேராக முதுகெலும்புக்குள் பரவுவதைப் படம் பிடித்துக் காட்டினார். இந்தச் சிரைகளில் வால்வு கிடையாது. இருமினாலோ, முக்கினாலோ, பாரம் தூக்கினாலோ வயிற்றில் அழுத்தம் கூடி ரத்தம் எந்தப் பக்கமும் ஓடும். அதோடு ஒரு செல்லும் போய்ச் சேரலாம்.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அங்கே பிழைக்கவும் வேண்டும். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இலேயே இதைச் சொல்லிவிட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் பார்த்து, நோய் கண்ட இடத்துக்கெல்லாம் பரவுவதில்லை, விதை எங்கும் விழலாம், ஒத்துப்போகிற மண்ணில்தான் முளைக்கும் என்றார். எலும்பு ஏன் அப்படி ஒரு மண்ணாகிறது என்பது இன்று ஓரளவு தெரியும். நம் எலும்பு நாள்தோறும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. கரைக்கும் வேலைக்கென்று தனி செல்கள் உண்டு. புற்று செல்கள் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் சேமித்து வைத்திருந்த வளர்ச்சிப் பொருட்கள் வெளியே வருகின்றன. அவை புற்று செல்களுக்கே உரமாகின்றன. அவை பெருகி இன்னும் கரைக்கச் சொல்கின்றன. இப்படி உள்ளிருந்து எலும்பு குறைந்துகொண்டே போகும்.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் இதில்தான். ஓர் இடத்தில் எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற வார்த்தையை, புற்றுநோய் வந்து போன ஒருவரின் முதுகு வலிக்கு முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டும்.

எடுத்தது, பழைய வைத்தியம் பார்த்த மருத்துவமனையில். செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போனோம். புற்றுநோய் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "படுத்தா கூடுதா, குறையுதா?" என்பதுதான். அத்தை பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். இடுப்புப் பகுதியின் இரண்டாம் முள்ளெலும்பில் நோய் மாதிரி ஒரு மாற்றம். அதுபோக இடுப்புக்குக் கீழே, வால் பக்கத்து எலும்பில் இரண்டு பக்கமும் விரிசல் மாதிரி இன்னொன்று.

இந்த இடத்தில் அந்த டாக்டர் காட்டிய நிதானத்தை நான் மறக்க மாட்டேன். ரிப்போர்ட்டில் "பல இடங்களில் பரவல்" என்று எழுதியிருந்தது. அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. கீழே இருக்கிற அந்த எலும்பு, முன்னால் கரண்ட் வைத்த எல்லைக்குள் வருகிறது. கதிர்வீச்சு பட்ட எலும்பு பலவீனமாகி, மாதங்களோ வருடங்களோ கழித்துத் தானாகவே விரிசல் விடலாம். வயதான, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது அப்படியொன்றும் அபூர்வமில்லை. ஸ்கேனில் பரவல் மாதிரியே ஏமாற்றும். அதற்கு வைத்தியமே வேறு, அதற்குக் கீமோ கொடுத்தால் வீண் கொடுமை. மேலே இருக்கிற இரண்டாம் முள்ளெலும்போ கரண்ட் எல்லைக்கு வெளியே. "ஊசி விட்டு எடுத்துப் பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றார். சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி முள்ளெலும்பிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். முடிவு, மேலே இருப்பது கர்ப்பப்பையிலிருந்து வந்த நோய்தான். கீழே இருப்பது கதிர்வீச்சு விரிசல் என்றே முடிவு செய்தார்கள். பல இடம் என்று பயந்தது ஓர் இடமாகக் குறைந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது அடிவயிற்றில் கரண்ட் வைத்திருந்து, பிறகு இடுப்பெலும்பில் பரவிவிட்டது என்று ஸ்கேனில் வந்தால், இது விரிசலாக இருக்குமா என்று தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்.

எடுத்த துணுக்கில் வேறு சில சோதனைகளும் செய்தார்கள். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் ரகமா என்று ஒன்று. டி.என்.ஏ.வில் வரும் பிழைகளைத் திருத்துகிற புரதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று இன்னொன்று. அந்தப் புரதங்கள் இல்லாத நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டிவிடுகிற மருந்து, நன்றாக வேலை செய்கிறது. விலைதான் நம்மைப் போன்றவர்கள் யோசிக்கக்கூட முடியாதது. சிலருக்கு அந்தக் குறை பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம், அப்படியானால் பிள்ளைகளுக்கும் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவர்களும் குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அத்தைக்கு அந்தப் புரதங்கள் சரியாக இருந்தன. ஹார்மோனுக்குக் கட்டுப்படுகிற ரகம் என்று வந்ததால், மறுபடி கீமோவுக்குப் போகும் முன் மாத்திரையில் தொடங்கலாம் என்றார் டாக்டர். மெஜெஸ்ட்ரால். பசி கூடும், சுகர் ஏறும், காலில் ரத்தம் உறையலாம், கெண்டைக்கால் வீங்கினால் உடனே வாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

வலிக்குத் தனியாக ஒரு கரண்ட். இந்த முறை ஒரே ஒரு நாள், 8 கிரே. (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) மைத்துனருக்கு அது மனசாகவில்லை. போன தடவை 25 நாள், இந்தத் தடவை ஒரே நாளா, காப்பீட்டு அட்டையில் பார்ப்பதால் குறைத்துவிட்டார்களா என்று கேட்டார். கதிர்வீச்சு டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். எலும்பு வலிக்கு ஒரே நாளில் 8 கிரே கொடுத்தாலும், 10 நாளாகப் பிரித்து 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஏறத்தாழ ஒரே அளவுதான் என்று பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே நாளில் முடித்தவர்களுக்குப் பின்னால் மறுபடி ஒருமுறை தேவைப்படுவது மட்டும் அதிகம். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு நல்ல பலன் இருக்கும். முதுகு வலியோடு திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் பத்து நாள் பஸ்ஸில் அலைவதை விட இது மேல் என்றார். எலும்பு நிலையாக நிற்கிறதா, ஆபரேஷன் தேவையா என்று முதுகெலும்பு சர்ஜனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

அந்தக் கருங்கல் மாதிரிப் பலகையில் மல்லாந்து படுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அரை மணி நேரம் முன்னாடியே மார்ஃபின் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். முடிந்த அன்றும் மறுநாளும் வலி கூடியது. இப்படிக் கூடலாம் என்று முன்பே சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலையில் நான் காபி போட எழுந்து வந்தபோது அத்தை கட்டிலிலேயே, ஒருக்களித்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லத்தான் என் கணவரை எழுப்பினேன்.

இனி மார்ஃபின். எங்கள் வீட்டில் பெரிய சண்டை இதற்காகத்தான் நடந்தது. "மார்ஃபின் எழுதிட்டாங்கன்னா நாள் எண்ண ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம்" என்றார் ஓர் உறவினர். பழகிவிடும், அடிமையாக்கிவிடும் என்றார் இன்னொருவர். டாக்டர் அத்தையிடமே நேரடியாகப் பேசினார். கடுமையான வலிக்கு முறையாகக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. சாவை இது விரைவுபடுத்தாது. கல்லீரலையோ சிறுநீரகத்தையோ கெடுக்கும் என்ற பயமும் வேண்டாம். சிறுநீரகமோ கல்லீரலோ ஏற்கனவே பழுதானவர்களுக்குத்தான் அளவைக் குறைக்க வேண்டும். அந்த டவுன் டாக்டர் போட்ட வலி ஊசிகளைத் தொடர்ந்து போட்டிருந்தால்தான் சுகர் உள்ள இந்தச் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வலி வந்த பிறகு போடுவது என்ற பேச்சே இல்லை, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். முதல் சில நாள் குமட்டும், தூக்கம் வரும், பிறகு அது போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். கரண்டுக்குப் பிறகு வலி குறையக் குறைய மாத்திரையையும் டாக்டரே படிப்படியாகக் குறைத்தார்.

ஒரு காலத்தில் இந்த மாத்திரை கிடைப்பதே பெரும்பாடு. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. தலைவலி எதற்கு என்று பல இடங்களில் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். கேரளத்து மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டு விடாமல் மன்றாடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் மாறிப் பத்தாண்டு கடந்தும் வீடுகளில் பயம் மாறவில்லை. எலும்பு அரிக்கிற வலியை ஒரு மனுஷி பாராசிட்டமாலில் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அது பெண்ணாக இருந்தால் "பொறுமைசாலி" என்று பாராட்டு வேறு. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. அத்தை ஒரு மாதத்துக்கு மேல் நாற்காலியில் தூங்கியதை யாரோ "என்ன தாங்குசக்தி" என்று மெச்சியபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எலும்பைக் காப்பாற்ற ஓர் ஊசியும் உண்டு. சோலெட்ரானிக் ஆசிட், 4 மில்லிகிராம், டிரிப்பில் குறைந்தது 15 நிமிடம் ஏற்ற வேண்டும். எலும்பைக் கரைக்கிற செல்களை அது அடக்குகிறது, முறிவுகளைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் போடும் முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். முதுகுக்கு ஊசி போடப் பல்லை எதற்குப் பார்க்கிறார்கள் என்று அத்தைக்கு ஆச்சரியம். இந்த ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் செத்துப்போகும். ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லை முதலிலேயே பிடுங்கி, ஈறு ஆறக் காத்திருந்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, பிறகுதான் போட்டார்கள். முதல் ஊசிக்கு ஒருநாள் காய்ச்சல் அடித்தது. அடுத்தடுத்த ஊசிகளுக்கு அதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னொன்று. முதுகெலும்பில் இருக்கும் நோய் பின்பக்கமாக வளர்ந்தால், அல்லது எலும்பு நொறுங்கிச் சரிந்தால், தண்டுவடத்தையோ அதிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளையோ நெரிக்கும். கால் பலமிழப்பது, மரத்துப்போவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, இருமினால் மின்னல் மாதிரி காலுக்கு வலி பாய்வது. இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ஸ்டீராய்டு, கரண்ட், ஆபரேஷன் என்று வைத்தியம் இருக்கிறது, ஆனால் அது நேரத்தைப் பொறுத்தது. வைத்தியம் தொடங்கும்போது நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிக்கொள்கிறார். கால் முழுக்க விழுந்த பிறகு வருகிறவரை எழுந்து நடக்க வைப்பது மிகக் கடினம். நர்ஸ் எங்கள் முன்னாலேயே அத்தையின் குதிகாலைத் தன் உள்ளங்கையில் வைத்து "தள்ளுங்க பாட்டி, இன்னும் தள்ளுங்க" என்று காட்டிக் கொடுத்தார். இப்போதும் ராத்திரி தைலம் தேய்க்கிற சாக்கில் நான் இரண்டு காலையும் அப்படித் தள்ளச் சொல்லிப் பார்க்கிறேன். அத்தைக்குத் தெரியும், வேண்டுமென்றே என் கையை உதைத்துத் தள்ளுவார்.

ரத்தத்தில் கால்சியம் ஏறுவதையும் கவனிக்கச் சொன்னார்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு, பேச்சில் குழப்பம். வயதானவர் உளறினால் வயது என்று விட்டுவிடுவோம். எலும்பில் நோய் உள்ளவர் உளறினால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். சரிசெய்யக்கூடிய விஷயம் அது.

"எலும்புக்குப் போயிருச்சுன்னா அவ்வளவுதான், இனி எதுக்கு அந்த உடம்பைப் போட்டு அலைக்கழிக்கிறீங்க?" என்று கேட்காத உறவினர் இல்லை. அத்தை காதுபடவே கேட்டார்கள். இந்த நிலையில் நோயை முற்றிலும் ஒழிப்பது பெரும்பாலும் முடியாது என்று டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை. அத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனால் குணமாகாது என்பதற்கும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்துவிட்டேன். படுத்துத் தூங்குவது, தானே எழுந்து பாத்ரூம் போவது, பேத்தியை மடியில் வைத்துக்கொள்வது, வலியில்லாமல் ஒருவாய் சோறு சாப்பிடுவது. இதெல்லாம் அந்த இடத்துக்குள் இருக்கிறது. "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று டாக்டர் கேட்டபோது அத்தை யோசிக்காமல் சொன்னார், "மெஷின்ல உக்காரணும் சார். கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்." குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்ற நிபந்தனைகளோடு, நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலியும் முதுகுக்குப் பட்டையும் வைத்துத் தைக்கலாம் என்றார். இப்போது பொத்தான் கட்டுவது, ஓரம் அடிப்பது வரை செய்கிறார்.

மாதாந்திர ஊசிக்கும் மருந்துக்கும்தான் மதுரை. நடுவில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துக்கொள்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தை சுகர், பிரஷர் மாத்திரை கொடுப்பதற்கு மட்டும் என்று எங்கள் தெருவில் பலர் நினைத்திருக்கிறார்கள். வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் வருவார்கள்.

மருத்துவமனைகளில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கோரிக்கை. வைத்தியம் முடித்து அனுப்பும் அன்று மருந்துச் சீட்டும் செக்கப் தேதியும் கொடுக்கிறீர்கள். அதோடு தமிழில் ஒரு பக்கம் கொடுங்கள். மறுபடி ரத்தப்போக்கு, அடிவயிற்று வலி, நிற்காத இருமல், கால் வீக்கம், ஓரிடத்தில் குத்திட்டு நிற்கிற எலும்பு வலி, படுத்தால் கூடுகிற முதுகு வலி. இதில் எது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும் வேறெங்கும் போகாமல் இங்கே வாருங்கள், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கால் பலமிழந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள் என்று அதற்குக் கீழே. கூப்பிட ஒரு நம்பர். அத்தையின் ஃபைலில் இத்தனை காகிதம் இருக்கிறது, அந்த ஒரு காகிதம் இல்லை.